அட்டை

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவும் பெருங்காடும் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு பழைய லயம், தோட்டத்து வரிசை வீடு. அதன் முன்நடையான அஞ்சடியில் கிடந்த பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர் வீடு. இரண்டு நாள் தங்க வந்தவனுக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை. பார்க்கலாம், கேட்கலாம், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்கலாம்.

எதிர்ச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்துக்குப் போனவர்கள் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வீட்டுக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். கொஞ்சம் தண்ணீர், இரண்டு தேயிலை இலை, ஒரு சுள்ளி விழுந்தன. காலுறையை மெல்லச் சுருட்டிக்கொண்டே இறக்கினார். கணுக்காலுக்குப் பின்னால், குதிநரம்பு பள்ளமாகிற இடத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நாவற்பழம் அளவு. கறுப்பென்று சொல்ல முடியாத கறுப்பு. பக்கவாட்டில் மண்நிறக் கோடு.

அவர் முகம் மாறவில்லை. "ஒண்ணுதான்" என்றார், யாரிடமும் அல்லாமல்.

கதவருகே ஆணியில் ஒரு துணி முடிச்சு தொங்குகிறது. உப்பு மூட்டை. எட்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஒரு முறை தோய்த்து, அதன் மேல் வைத்தார். அது ஒரு முறை நீண்டு, ஒரு முறை சுருங்கி, உருண்டு கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. காலில் அதைவிடச் சிவப்பாக ஒரு கோடு கிளம்பிக் குதிகால்வரை இறங்கியது. புகையிலைத் துணுக்கு ஒன்றைக் கடிவாயில் அழுத்தி வைத்துக்கொண்டு, விழுந்ததை மறுகாலால் வாய்க்காலில் தள்ளினார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தலைமயிர் முடிவதுபோல நடந்து முடிந்தது.

உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். பேத்தி முறை, பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்தவள். ஒன்பது வயது இருக்கலாம். பார்த்ததும் பெஞ்சின்மேல் ஏறிக்கொண்டு கத்தினாள்:

"ஆயா! லீச்! லீச்!"

ஆயா மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாவுக்குத் தாய். நிமிரவில்லை.

"அட்டைடி. அட்டைன்னு சொல்லு."

பிள்ளைக்குக் குழப்பம். "அட்டையா? அட்டைன்னா மணிலா அட்டைதானே? டீச்சர் கலர் அட்டை வாங்கிட்டு வரச் சொல்வாங்களே, அதுதானே அட்டை?"

ஆயா இடிப்பதை நிறுத்தினார். வீட்டுக்காரம்மாவும் திரும்பிப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பு இல்லை. தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளை. அவளுக்கு அட்டை என்றால் கத்தரிக்கோலால் வெட்டுவது, பசை தடவுவது, சுவரில் ஒட்டுவது. அதற்கு உயிர் இருக்கும், அது காலில் ஏறும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் நகரத்தில் வந்திருக்காது.

இரண்டு நாளும் அந்தச் சொல் என் காதைவிட்டுப் போகவில்லை.

மலையாளத்தில் அட்ட என்றால் இந்த உயிர்தான். தெலுங்கில் அட்ட என்றால் கனத்த தாள். தமிழ் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. மலாயாத் தோட்டங்களில் மூன்று மொழிக்காரர்களும் இருந்தார்கள். மலையாளி எழுத்தர் (கிராணி) ஒருவரும் தெலுங்குக் குடும்பம் ஒன்றும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற ஒரே பெரட்டுக்களத்தில் 'அட்ட' என்ற சொல்லைக் கேட்டால் ஒருவர் காலைப் பார்த்திருப்பார், மற்றவர் கையைப் பார்த்திருப்பார். ஒட்டிக்கொள்வதால் அது அட்டை, தாளோடு தாள் ஒட்டிச் செய்வதால் இதுவும் அட்டை என்று வேர் சொல்வோர் உண்டு. நான் மொழியறிஞன் அல்லன். ஆனாலும் இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒட்டு என்பது இரண்டிலும் இருக்கிறது.

தமிழ் இந்தச் சொல்லை வேறு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஈர மரத்தில் நெளிகிற பலகால் பூச்சி மரவட்டை. இராமநாதபுரத்திலும் யாழ்ப்பாணத்திலும் கடலடியில் கிடப்பது கடலட்டை. லங்காவித் தீவில் மலாய்க்காரர்கள் அதைக் காமாட் என்று சொல்லி எண்ணெய் எடுக்கிறார்கள். மருத்துவத்திலும் அட்டை உண்டு. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் அட்டை விடல் ஒன்று. சுசுருதர் அட்டையைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து ஆறில் நஞ்சு உண்டு, ஆறில் இல்லை என்று எழுதி வைத்தார். பழைய ஆங்கிலத்தில் வைத்தியனுக்கும் அட்டைக்கும் ஒரே சொல்தான். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஏன் நிற்காமல் வடிகிறது என்பதை 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் கண்டு சொன்னார்: அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. வீட்டுக்காரம்மா புகையிலைத் துணுக்கை அழுத்திப் பிடித்திருந்தது அந்த எச்சிலுக்கு எதிராகத்தான். பெயர் தெரியாது, வேலை தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டு. மூடுபனியில் முகங்கள் தெரியவில்லை, குரல்கள்தாம். முன்பெல்லாம் இந்தக் களத்தில் தமிழ்தான் கேட்கும் என்று ஆயா சொன்னார். இப்போது வங்காளமும் நேப்பாளியும் இந்தோனேசியமும் கேட்கின்றன. மேற்பார்வைக்காரரான மண்டோர் மலாயில் பேசினார். இரண்டு வங்காளதேச இளைஞர்கள் கொழுந்து வெட்டுகிற மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேயிலை நிரையின் மேலே நடந்தார்கள். பின்னால் பை உப்பிக்கொண்டு போயிற்று. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு விரலால் கிள்ளுகிற பெண்களைப் பார்க்க வேண்டுமானால் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

காட்டோரத்து நிரைக்கு வந்ததும் இருவரில் ஒருவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தட்டினான்.

"ஜோங்க்!"

வீட்டுக்காரம்மா பக்கத்து நிரையில் கத்தரியோடு நின்றார். இடுப்பிலிருந்து உப்பு முடிச்சை அவிழ்த்து அவன் பக்கம் எறிந்தார். அவன் பிடித்துக்கொண்டு "அக்கா" என்றான். அதற்கு மேல் தமிழ் தெரியாது. அந்த நிரையின் கடைசியில் நின்ற நேப்பாளி தன் முழங்காலைக் காட்டி "ஜுகா" என்றான். மண்டோர் "பச்சாட், பச்சாட்" என்று சிரித்தார். உப்பு முடிச்சு கைமாறிக் கைமாறிப் போயிற்று. நாலு மொழிக்கும் மருந்து ஒன்றுதான்.

தரையில் குனிந்து பார்த்தேன். சருகின் மேலே நூல்போல ஒன்று எழுந்து நின்றது. பின்புறத்தை ஒட்டவைத்து, முன்புறத்தைத் தூக்கி, இடம் வலமாக ஆட்டித் தேடிக்கொண்டிருந்தது. மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் காலடி அதிர்வும் அதற்குத் தெரியும். ஐந்து ஜோடிக் கண் உண்டு என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைப் பார்த்து வந்ததுதான். முன்னும் பின்னும் மாறி மாறி ஊன்றிச் சாண் அளப்பதுபோல வந்தது. தரையிலிருந்து ஏறுவது ஒரு வகை. இலை நுனியில் காத்திருந்து கை, கழுத்து என்று தொற்றுவது இன்னொரு வகை, உடம்பில் கோடு போட்டது. மலாய்க்காரர்கள் அதைப் பச்சாட் ஹரிமாவ் என்கிறார்கள், புலி அட்டை. நான் இரண்டடி பின்னால் வைத்தேன்.

இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் 1885-இல் அளக்க வந்தபோதும் இதுதான் முதலில் வரவேற்றிருக்கும். 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டியவர்களின் காலிலும் இதுதான் ஏறியிருக்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மலை. தேயிலைக்கு ஏற்ற ஈரம் அட்டைக்கும் ஏற்றது. வால்பாறைக்குப் போனவர்களும், இலங்கை மலையகத்துக்குக் காட்டு வழியாக நடந்தே போனவர்களும் இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு போனார்கள். தமிழன் எங்கெல்லாம் தேயிலை நட்டானோ அங்கெல்லாம் அட்டை என்றால் முதலில் உயிர், பிறகுதான் தாள். சமவெளியில் அப்படியே தலைகீழ்.

சமவெளிக்காரருக்கு அந்த உயிர் தெரியாது, வசவு தெரியும். அட்டையாய் ஒட்டிக்கொண்டான், அட்டை மாதிரி உறிஞ்சுகிறான், உப்புப் பட்ட அட்டையாகச் சுருண்டான். மலாயிலும் உண்டு. நீரட்டைக்கு லிந்தா என்று பெயர். வட்டிக்காரனை லிந்தா டாராட் என்பார்கள், தரையில் நடமாடும் அட்டை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து அஞ்சடியில் குந்தினார். மகன் தானா ராத்தாவில் வேலை பார்க்கிறான். மோட்டார் சைக்கிளுக்காக ஆலோங் என்கிற வட்டிக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறான். "அட்டை கடிச்சா உப்பு வெச்சுக்கலாம். இதுக்கு என்னத்தை வெக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவரே பேச்சை மாற்றினார். தோட்டத்தில் இது உவமை இல்லை. காலையில் காலில் பார்த்ததைச் சாயங்காலம் வீட்டில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு பழமொழி மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது குப்பையைத்தான் நாடும் என்கிற பழமொழி. மலையாளத்திலும் இதே பழமொழி உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கப் போய் இடையில் நின்றுவிட்டால், பட்டணத்தில் வேலை கிடைத்தும் லயத்துக்கே திரும்பிவிட்டால், இதைச் சொல்வார்கள். சொன்னவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் என் முகத்துக்கு நேராகவும் ஒருவர் சொன்னார். அட்டை தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருக்கிறவரைதான் அதற்கு உயிர். மெத்தையில் வைத்தால் காய்ந்து செத்துப்போகும். சருகுக் குப்பையில்தான் அதன் ஈரம், அதன் மூச்சு எல்லாம் இருக்கிறது. அது இழிவைத் தேடிப் போகவில்லை, உயிரைத் தேடிப் போகிறது. அந்தப் பழமொழியைச் செய்தவர் அட்டையைக் கூர்ந்து பார்த்தவர் அல்லர்.

இரவு சாப்பிட்ட பிறகு ஆயா ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். பிள்ளைக்குப் பழைய போட்டோ காட்டத்தான் திறந்தார். மிலோ டின்னை நசுக்கிச் செய்ததுபோல ஓரங்கள் மழுங்கிய பெட்டி. போட்டோக்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய ஐசி.

"இதுவும் அட்டைதாண்டி" என்றார் ஆயா. "அடையாள அட்டை."

பேச்சில் எல்லாரும் ஐசி என்பார்கள். பத்திரிகையிலும் ரேடியோவிலும் அது அடையாள அட்டை. ஆயா ரேடியோ கேட்கிறவர். பிள்ளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் ஆயா ஒங்களுது சிவப்பா இருக்கு? அம்மாவுது நீலமாச்சே?"

வீட்டுக்காரம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆயா பதில் சொல்லவில்லை. போட்டோவைத் தேடுவதுபோல் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

மலாயாவில் அடையாள அட்டை 1948-இல் வந்தது, அவசரகாலத்தில். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையும் ஊரிலிருந்தவர்களையும் பிரித்தறிய, பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாரும் அட்டை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு நிறம் வந்தது. குடிமக்களுக்கு நீலம். நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு, சிவப்புக்கு ஓட்டு இல்லை. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது மனுச் செய்தவர்களுக்கு நீலம் கிடைத்தது. மனு என்றால் என்னவென்று தோட்டத்தில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்றது. பல்லாயிரம் பேர் இங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ஏறாதவர்கள் சிவப்பு அட்டையோடு லயத்தில் இருந்தார்கள். 2001-இல் குடிமக்களுக்குச் சில்லு வைத்த மைகார்டு வந்தது. அட்டை புதிதாயிற்று, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. 2018 ஆகஸ்டில், அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரரான 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார்.

அந்தக் கணக்கில் ஆயா இல்லை. ஆயா பிறந்தது இதே மலையில், இரண்டு வரிசை தள்ளி இருந்து இடிந்துபோன ஒரு லயத்தில். மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. புருஷனுக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம், பேரப்பிள்ளைகளுக்கு நீலம். இந்த மண்ணின் ஈரத்தில் ஐம்பது வருஷம் கொழுந்து எடுத்த காலுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் சிவப்பு.

அந்தக் காலை நான் பார்த்தேன். பிள்ளை உறங்கிய பிறகு ஆயா காலை நீட்டித் தைலம் தடவினார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள், அம்மை வந்து ஆறியதுபோல. எண்ண முடியாது. ஒவ்வொன்றும் ஒரு மழைநாள். அட்டை கடித்தது அல்ல, கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டதே தழும்பாகிறது என்று ஆயாவே சொன்னார். "சொறியக் கூடாது. ஆனா சொறியாம யாரால இருக்க முடியும்?"

2012-இல் வெளியான ஒரு ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. வியட்நாம் காட்டில் பிடித்த இருபத்தைந்து அட்டைகளை அறுத்துப் பார்த்தார்கள். இருபத்தொன்றின் வயிற்றில் பாலூட்டிகளின் மரபணு கிடைத்தது. கேமராவுக்குக்கூட அகப்படாத அரிய முயலும் மானும் அந்தக் காட்டில் உயிரோடு இருக்கின்றன என்று அந்த அட்டைகள் சொல்லிவிட்டன. குடித்த இரத்தம் யாருடையது என்ற விவரம் அட்டையின் உடம்பில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்குமாம்.

அந்த இரவில் அதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உறங்கவில்லை. தகரத்தின்மேல் மழை திரும்பவும் தொடங்கியிருந்தது. ஆயா இந்த மலையைச் சேர்ந்தவர் என்பதற்குச் சாட்சி இந்தச் சருகுகளுக்கு அடியில் இருந்தது, தலைமுறை தலைமுறையாக. அந்த அட்டைக்குத் தெரிந்தது தகரப்பெட்டியில் இருக்கிற அட்டைக்குத் தெரியவில்லை.

காலையில் கிளம்பும்போது பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா உப்பு மூட்டையை அவிழ்த்துப் புது உப்பு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "பசியாறிட்டுப் போங்க" என்று ஆயா உள்ளேயிருந்து சொன்னார். ரொட்டியும் தேத்தண்ணியும். குடித்தது இந்த மலைத் தேயிலைதான். சாயம் இறங்கிச் செம்பழுப்பாக இருந்தது.

இதைப் படிக்கிற மலேசியத் தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் உறவில், உங்கள் பழைய தோட்டத்தில், உங்கள் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களில் சிவப்பு அட்டையோடு ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். பிறப்புப் பத்திரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளியில் ஒரு வருஷம் படித்திருந்தால் அந்தச் சான்று, கூடப் பிறந்தவர்களின் கடிதம் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு கோப்பில் போடுங்கள். அவர்களைக் கையைப் பிடித்துத் தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே உள்ள பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். அவர்களுக்கு மலாய் எழுதத் தெரியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். விடுதலைக்கு முன்னால் பிறந்தவர்களில் இளையவருக்கே இன்று எழுபதை நெருங்கிவிட்டது.